டிஸ்சார்ஜ் தாளில் ஒரு 'ஃபெப்ரைல்', செய்தித்தாளில் ஒரு 'ஃபெப்ரைல்'

காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். இரண்டு வயது மகனுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் தாளில் மேலே 'ஃபெப்ரைல் சீஷர்' என்றும், கடைசி வரியில் 'பேஷன்ட் அஃபெப்ரைல்' என்றும் எழுதியிருக்கிறது. அதே வாரம், வங்கித் தேர்வுக்குப் படிக்கும் அவர் தம்பி ஆங்கிலப் பேப்பரில் தேர்தல் கட்டுரை ஒன்றில் 'ஃபெப்ரைல் அட்மாஸ்பியர்' என்று படித்துவிட்டு, "உற்சாகமான சூழல்னு அர்த்தம்க்கா, போன்ல போட்டுப் பார்த்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். பிள்ளைக்கு வலிப்பு வந்த தாளில் உற்சாகத்துக்கு என்ன வேலை என்பதுதான் அவருடைய கேள்வி.

நியாயமான கேள்வி. இந்த வார்த்தையோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் குழந்தையின் தாள். மருத்துவத்தில் ஃபெப்ரைல் என்றால் 'காய்ச்சல் உள்ள', 'காய்ச்சலோடு வந்த'. அவ்வளவுதான். கடுமையான, ஆபத்தான, அபூர்வமான என்று எதுவும் அதற்குள் ஒளிந்திருக்கவில்லை. நீதிக்கு முன்னால் ஓர் 'அ' சேர்ந்து அநீதி ஆகிறது அல்லவா, அதே வேலையைத்தான் அஃபெப்ரைலில் உள்ள 'அ'வும் செய்கிறது. அஃபெப்ரைல் என்றால் காய்ச்சல் இல்லை. ஆக உங்கள் தாள் சொல்வது இது: காய்ச்சலோடு வந்த வலிப்பு என்று சேர்த்தோம், வீட்டுக்கு அனுப்பும்போது காய்ச்சல் இல்லை. பயப்பட வேண்டிய வார்த்தை எதுவும் அதில் இல்லை.

என் பழைய கணக்கு இந்த 'அ'வில்தான் இருக்கிறது. இப்போது தருமபுரியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் சில வருடங்கள் பெங்களூரில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. ராத்திரி ஷிப்ட். காதில் ஹெட்போன், காலடியில் தையல் மெஷின் போல ஒரு பெடல். அமெரிக்க டாக்டர் பேசிவைத்ததைக் கேட்டுக் கேட்டு டைப் அடிக்க வேண்டும், புரியாவிட்டால் பெடலை மிதித்துப் பின்னால் போக வேண்டும். ஒரு டாக்டர், வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுவார். 'திஸ் இஸ் எ ஃபெப்ரைல் சைல்ட்' என்று அவர் சொன்னதை நான் 'அஃபெப்ரைல் சைல்ட்' என்று ஒரே வார்த்தையாக அடித்துவிட்டேன். ஒலியில் இரண்டுக்கும் வித்தியாசம் மயிரிழை. நடுவில் ஒரு ஸ்பேஸ் விழ வேண்டும், விழவில்லை. தட்டாமல் விட்ட ஒரு ஸ்பேஸ் பாரில் ஒரு குழந்தையின் காய்ச்சலையே இறக்கிவிட்டேன்.

சரிபார்க்கும் அண்ணன் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "ரெண்டு வரி கீழ நீயே டெம்பரேச்சர் 103ன்னு அடிச்சிருக்க. 103 இருக்கற புள்ளைக்கு எப்படிம்மா ஜொரம் இல்லாம இருக்கும்?" என்றார். அன்றைக்குப் பிறகு அந்த வார்த்தை எங்கே வந்தாலும் முதலில் வெப்பநிலை எண்ணைத் தேடுவேன். நீங்களும் அப்படியே செய்யலாம். தாளில் 'டெம்ப்' என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுவாக ஃபெப்ரைல் என்பார்கள். அதற்குக் கீழே நம் வீட்டில் 'லேசா வெதுவெதுன்னு இருக்கு' என்று சொல்வது அந்தக் கணக்கில் வராது.

இங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் குறுக்கே வருவார்: 'ஃபீவரிஷ்'. இரண்டுமே காய்ச்சலைக் குறிக்கும் பெயரடைகள்தான். ஆனால் ஃபீவரிஷ் பெரும்பாலும் நாம் உணர்வது. காலையில் எழுந்ததும் கண் எரிகிறது, மூட்டெல்லாம் கடுக்கிறது, 'ஜொரம் வர்ற மாதிரி இருக்கு' என்கிறோமே, அது ஃபீவரிஷ். ஃபெப்ரைல் தெர்மாமீட்டர் சொல்வது. பாட்டி கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்து 'அனலாக் கொதிக்குதுடி' என்று சொல்வது முதல் வகை, நர்ஸ் அக்கா அட்டையில் எழுதுவது இரண்டாவது வகை. அதனால்தான் ஃபெப்ரைல் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுப் பேச்சுக்கு வருவதில்லை. லீவு லெட்டரில் 'ஐ ஆம் ஃபெப்ரைல்' என்று எழுதாதீர்கள். தப்பில்லை, ஆனால் படிக்கிறவர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். நாம் மூன்றாம் வகுப்பிலிருந்து மனப்பாடமாக எழுதிவரும் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' எவ்வளவோ மேல்.

ஃபெப்ரைல் சீஷர் பற்றியும் இரண்டு வார்த்தை. நான் டாக்டர் இல்லை, வருடக்கணக்கில் டாக்டர்கள் சொன்னதை டைப் அடித்தவள், அவ்வளவுதான். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, மூளையில் கிருமித்தொற்று போன்ற வேறு காரணம் இல்லாமல், காய்ச்சலை ஒட்டி வரும் வலிப்பு இது. நூறு பிள்ளைகளில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு வரக்கூடியது. ஆக உங்கள் பிள்ளை ஒன்றும் விதிவிலக்கு இல்லை. கால் மணி நேரத்துக்குள் அடங்கி, உடம்பு முழுக்க வெட்டி, ஒரே நாளில் திரும்ப வராமல் இருந்தால் தாளில் 'சிம்பிள்' என்று முன்னால் சேர்த்திருப்பார்கள். அந்தச் 'சிம்பிள்' நல்ல சேதி. நம் ஊரில் இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது: ஜன்னி. காய்ச்சலில் பிதற்றுவதும் ஜன்னிதான், வெட்டி இழுப்பதும் ஜன்னிதான். ஆங்கிலம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது, நாம் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறோம். ஜன்னி கண்ட பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற பழக்கமும் இன்னும் போகவில்லை. சாவி எதையும் நிறுத்துவதில்லை. வலிப்பு தானாக அடங்குகிற நேரமும் சாவி தேடிக் கண்டுபிடிக்கிற நேரமும் சரியாக இருக்கும், அதனால் பெயர் சாவிக்குப் போய்விட்டது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், மணியைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதுதான் செய்ய வேண்டியது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவன் சொன்னதில் பாதி சரி. அகராதியில் இரண்டாவது பொருளாகக் கிளர்ச்சி, பரபரப்பு என்று ஏதாவது போட்டிருக்கும். ஆனால் 'உற்சாகமான' என்று எடுத்துக்கொண்டால் கட்டுரை தலைகீழாகப் புரியும்.

ஒரு வார்த்தை காய்ச்சலிலிருந்து கிளம்பிப் பரபரப்புக்குப் போவதில் அதிசயம் எதுவும் இல்லை. லத்தீனில் ஃபெப்ரிஸ் என்றால் காய்ச்சல். ரோமானியர்கள் அதே பெயரில் ஒரு தெய்வத்தையே வைத்துக் கும்பிட்டார்கள், ரோம் நகரில் பாலட்டைன் குன்றில் அந்த அம்மாவுக்குக் கோயில் இருந்தது. சிரிக்காதீர்கள், காஞ்சிபுரத்தில் நமக்கு ஜுரஹரேஸ்வரர் இருக்கிறார். அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை சொருகுகிற ஊர்க்காரர்கள் நாம். அந்த ஃபெப்ரிஸிலிருந்து வந்தவைதான் ஃபீவரும் ஃபெப்ரைலும். ஃபீவர் ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஆங்கிலத்தில் புழங்கி வீட்டுப்பிள்ளை ஆகிவிட்டது. ஃபெப்ரைல் 17ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள் கூட்டிவந்த விருந்தாளி. இன்றும் அதற்கு அந்தப் படித்த வாடை போகவில்லை.

தமிழ் என்ன செய்தது என்று பாருங்கள், அது இன்னும் சுவாரசியம். காய்ச்சலுக்கு வேர் காய்தல். காய்வது என்றால் சூடாவது, உலர்வது, வெறுப்பது. மூன்றும் ஒரே வேர். நம் பக்கத்து விவசாயி 'காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டணும்' என்பார். வயல் ஒரு முறை காய வேண்டும், அப்புறம்தான் அடுத்த தண்ணீர். அங்கே காய்ச்சல் நோயே இல்லை, பயிருக்கு நல்லது. 'காய்தல் உவத்தல் இல்லாமல்' என்று நடுநிலையைச் சொல்கிறோமே, அங்கே காய்தல் வெறுப்பு. 'அவனுக்கு என் மேல ஒரு காய்ச்சல்' என்றால் பொறாமை. ஆக நம் காய்ச்சல், உடம்பை விட்டு மனசுக்குப் போனால் பகைக்குப் போகிறது. ஆங்கிலக் காய்ச்சல் மனசுக்குப் போனால் படபடப்புக்குப் போகிறது. இதனால்தான் ஃபெப்ரைலைக் 'காய்ச்சலான சூழல்' என்று அப்படியே தமிழில் போட்டால் எடுபடாது.

சுரம் என்ற சொல்லும் இருக்கிறது, ஜ்வரத்திலிருந்து வந்தது. கொரோனா சமயத்தில் ஊரெல்லாம் குடித்த கபசுரக் குடிநீரில் இருப்பது இந்தச் சுரம். சங்கப்பாட்டில் தலைவன் கடந்துபோகும் சுரம் வேறு, அது வறண்ட கடும்பாதை. மலையாளத்தில் இன்றும் மலைக்கணவாய்க்குச் சுரம் என்றுதான் பெயர். அந்தக் கணக்கில் நம் தொப்பூர்க் கணவாயும் ஒரு சுரம்தான், அதில் லாரி ஏறி இறங்குவதைப் பார்த்தால் பார்க்கிறவருக்கே ஜுரம் வரும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

தமிழ்ப் பத்திரிகைகள் 'தேர்தல் ஜுரம்', 'கிரிக்கெட் ஜுரம்' என்று எழுதுகின்றன. ஆங்கிலத்தில் உள்ள 'வேர்ல்ட் கப் ஃபீவர்' மாதிரிதான் அதுவும். அந்த ஜுரம் சந்தோஷமானது, கொடி, மேளம், ராத்திரி கண் விழிப்பு எல்லாம் உண்டு. தம்பி வழுக்கியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஃபீவர் என்ற பெயர்ச்சொல் சந்தோஷமாக இருக்கலாம். ஃபெப்ரைல் என்ற பெயரடை இருக்காது. ஃபெப்ரைல் என்று எழுதும் பத்திரிகையாளர் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நின்று குதிப்பதில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, கையில் தெர்மாமீட்டரோடு, 'இது சரியான சூடு இல்லை' என்கிறார். எல்லாரும் நிலைகொள்ளாமல் இருக்கிறார்கள், வதந்தி பறக்கிறது, எந்த நிமிடமும் ஏதாவது வெடிக்கலாம் என்ற அர்த்தம் அதில் சேர்ந்தே வருகிறது. 2016க்குப் பிறகு பிரெக்சிட் இழுபறி நடந்த வருடங்களில் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் இந்த வார்த்தை சலிக்கச் சலிக்க வந்தது. அங்கே யாரும் உற்சாகமாக இல்லை என்பது உலகத்துக்கே தெரியும்.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொன்னால் சட்டென்று பிடிபடும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பொங்கல் முடிந்ததும் எருது விடும் விழாக்கள் தொடங்கிவிடும். கொம்பில் அலங்காரத் தட்டி கட்டிய எருது வருகிறது, இளவட்டங்கள் பாய்ந்து தட்டியைப் பறிக்கப் பார்க்கிறார்கள், மாடி முழுக்க ஜனம், விசில் காதைக் கிழிக்கிறது. இது ஃபெப்ரைல் இல்லை. இதற்கு ஆங்கிலத்தில் எக்சைட்டிங், எலெக்ட்ரிக் என்று எத்தனையோ இருக்கின்றன. 2023 பிப்ரவரியில் ஓசூர் பக்கம் கோபசந்திரத்தில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? விழாவுக்கு எருதுகளும் ஜனமும் வந்து சேர்ந்தாயிற்று, அனுமதி தாமதமாகிறது. கூட்டம் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது, கடைசியில் கல்வீச்சில் போய் முடிந்தது. அனுமதி வருமா வராதா என்று தெரியாமல், ஆளுக்கு ஒரு சேதியைச் சொல்லிக்கொண்டு கூட்டம் முறுகிக்கொண்டிருந்த அந்த நேரம் இருக்கிறதே, முதல் கல் விழுவதற்கு முன்னால் உள்ள நேரம், அதற்குத்தான் ஃபெப்ரைல் என்று பெயர். கல் விழுந்துவிட்டால் வார்த்தை மாறிவிடும், வயலண்ட் ஆகிவிடும்.

சந்தைக்கும் இதைச் சொல்வார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். பாலக்கோடு மண்டியில் காலையில் ஒரு விலை, பெட்டி ஏற்றுவதற்குள் இன்னொரு விலை. விற்கிறவனுக்கும் நிம்மதி இல்லை, வாங்குகிறவனுக்கும் நிம்மதி இல்லை. அந்த மாதிரிச் சந்தையை ஃபெப்ரைல் என்று எழுதலாம். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டிகளில் லோடு இறக்கி, ரகம் பிரித்து, கூழ் ஃபேக்டரிக்கு அனுப்பி என்று ஆள் நிற்க நேரமில்லாமல் ஓடுவதை அப்படி எழுதக் கூடாது. அது வேலை மும்முரம். அதற்கு ஃபீவரிஷ் பொருந்தும், 'ஃபீவரிஷ் ஆக்டிவிட்டி' என்பார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரிக் கல்யாண வீடும் அதுதான். கை ஓடினால் ஃபீவரிஷ், மனசு ஓடினால் ஃபெப்ரைல் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். நூற்றுக்கு நூறு பொருந்தும் விதி இல்லை, தேர்வில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் போதும்.

தமிழில் ஃபெப்ரைலுக்கு எதைப் போடுவது? ஒரே சொல்லாக எனக்கு அகப்படவில்லை. 'கொந்தளிப்பான' என்பது ஒரு படி அதிகம். 'பதற்றமான' என்பதில் போலீஸ் வேன் வந்து நின்றுவிடுகிறது. 'பரபரப்பான' என்பதைத் தொலைக்காட்சிக்காரர்கள் தினமும் பயன்படுத்தித் தேய்த்துவிட்டார்கள். 'அனல் பறக்கும் பிரசாரம்' சூட்டளவில் நெருங்கி வருகிறது, ஆனால் அதில் ஒரு மெச்சுதல் இருக்கிறது, ஃபெப்ரைலில் மெச்சுதல் கிடையாது. தேர்தல் கட்டுரைக்கு நான் எழுதினால் 'நிலைகொள்ளாத சூழல்' என்று போடுவேன். தனி மனிதருக்கு வந்தால், உதாரணமாக 'ஃபெப்ரைல் இமேஜினேஷன்' என்றால், ஜன்னி கண்டவன் மாதிரி தாறுமாறாக ஓடும் கற்பனை. நம் ஜன்னி அங்கே கச்சிதமாக உட்காருகிறது பாருங்கள்.

நோயிலிருந்து கிளம்பிய பெயரடைகள் ஆங்கிலத்தில் இன்னும் உண்டு. ஓசூரில் ஐடி வேலை பார்க்கிறவர்கள் 'இன்னிக்கு செம ஹெக்டிக்' என்கிறார்களே, அந்த ஹெக்டிக் பல நூற்றாண்டுகளுக்குக் காசநோய்க்காரரின் காய்ச்சலுக்குச் சொன்ன வார்த்தை. டி.பி. முற்றி உடம்பு உருகும்போது கன்னத்தில் ஒரு பொய்ச் சிவப்பு வரும், அது ஹெக்டிக் ஃப்ளஷ். 20ஆம் நூற்றாண்டில்தான் அது மீட்டிங் மேல் மீட்டிங் போகிறவர்கள் கைக்கு வந்தது. ராபிட் (rabid) என்றால் வெறிநாய்க்கடி நோய் கண்ட. அதற்கு நம்மிடம் 'வெறி' இருக்கிறது, நாய்க்கும் சொல்கிறோம், ரசிகனுக்கும் சொல்கிறோம். என்ன, நம் பிள்ளைகள் இப்போது ஒரு பிரியாணி நன்றாக இருந்தாலே 'வெறித்தனம்' என்று பாராட்டுகிறார்கள். ஹெக்டிக்கில் நோய் செத்துவிட்டது. ஃபெப்ரைலில் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதுதான் இந்த வார்த்தையின் பலம். பத்திரிகையில் படிக்கும்போதுகூட ஆஸ்பத்திரி வாடை லேசாக அடிக்கும்.

தம்பிக்கு ஒரு குறிப்பு. தேர்வில் ஃபெப்ரைலுக்கு எதிர்ச்சொல் கேட்டு 'காம்' (calm), 'அஃபெப்ரைல்' இரண்டும் கொடுத்திருந்தால் வாக்கியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நோயாளி இருந்தால் அஃபெப்ரைல், கூட்டமோ அரசியலோ இருந்தால் காம். அமைதியான கூட்டத்தை யாரும் அஃபெப்ரைல் என்று எழுதுவதில்லை. உச்சரிப்பில் பிரிட்டிஷ்காரர் பெரும்பாலும் 'ஃபீப்ரைல்' என்று நீட்டுவார், அமெரிக்கரும் நம் ஊர் டாக்டர்களும் 'ஃபெப்ரைல்'. எதைச் சொன்னாலும் மார்க் குறையாது.

உங்களுக்கு ஒன்று, அம்மா. அந்த டிஸ்சார்ஜ் தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பின்பக்கத்தில் உங்கள் கையாலேயே தமிழில் எழுதிவையுங்கள்: எந்தத் தேதி, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் வெட்டியது, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, முன்பு வந்ததுண்டா. அடுத்த தடவை எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.